தொழுவத்தில் மாட்டைக் கவனிப்பது எப்படி

மாடுகளின் நடத்தையைப் பதிவு செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உள்ளே போனதும் வேலையைத் தொடங்காதீர்கள். புது ஆளைக் கண்டால் படுத்திருக்கும் மாடும் எழுந்துவிடும். எல்லா மாடும் தெரிகிற ஓரமாக நின்று, அவை மறுபடி அசைபோடும் வரை காத்திருங்கள்.

அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு மாடும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று மட்டும் குறியுங்கள். படுத்திருக்கிறதா, நிற்கிறதா, தின்கிறதா, அசைபோடுகிறதா. 'சோகமாக இருக்கிறது' என்று எழுத வேண்டாம். 'தலை தொங்குகிறது, காது பின்னால் சாய்ந்திருக்கிறது' என்று எழுதுங்கள். உங்களுக்குச் சோகமாகப் படுவது இன்னொருவருக்குப் படாது. காது சாய்ந்திருந்தால் இரண்டு பேர் குறிப்பிலும் அது ஒன்றாகவே வரும்.

நான் அதிக நேரம் பார்ப்பது படுக்கையைத்தான். கொட்டிலில் இருக்கும் கறவை மாடு, படுக்கை நன்றாக இருந்தால் நாளில் 10 முதல் 14 மணி நேரம் படுத்திருக்கும். அது எழுவதைக் கூர்ந்து பாருங்கள். முன்னங்கால் முட்டியை ஊன்றி, தலையை முன்னே நீட்டி உந்தி, பின்பக்கத்தை முதலில் தூக்கும். முன்னால் சுவரோ கம்பியோ தடுத்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி எழும். சில மாடுகள் நாய் உட்காருவது போல உட்கார்ந்து, முன்பக்கத்தை முதலில் தூக்கும். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒவ்வொரு முறை எழும்போதும் அதற்கு இந்தப் பாடு. வேறு எதையும் திருத்தும் முன் அந்தக் கம்பியை நகர்த்தச் சொல்லுங்கள். படுக்கை ஈரமா என்று தெரிய நீங்களே அதில் முட்டி போட்டுப் பாருங்கள். துணி நனைந்தால் படுக்கையை மாற்ற வேண்டும்.

நடையைப் பார்க்கும்போது கண் முதுகில் இருக்கட்டும். நிற்கையில் நேராக இருக்கும் முதுகு நடக்கையில் வளைந்தால், காலில் வலி தொடங்கியிருக்கலாம். நொண்டட்டும், பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மாட்டுக்கு மனிதர்மேல் உள்ள பயத்தையும் அளக்கலாம். வெல்ஃபேர் குவாலிட்டி என்ற ஐரோப்பிய மதிப்பீட்டு முறையில் இதற்கு எளிய வழி இருக்கிறது. தீவன வரிசையில் நிற்கும் மாட்டுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, நொடிக்கு ஓர் அடி வைத்து, கையைத் தாழ்வாக நீட்டியபடி நெருங்குங்கள். அது பின்வாங்கியதும் உங்கள் கைக்கும் அதன் மூக்குக்கும் இருந்த இடைவெளியைக் குறியுங்கள். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. ஒரு மாடு மட்டும் விலகினால் அது அதன் சுபாவமாக இருக்கலாம். பாதி மந்தை விலகினால், கறவை நேரத்தில் போய் நின்று பாருங்கள். ஓட்டுகிறவர் கத்துகிறாரா, கை ஓங்குகிறாரா, வாலை முறுக்குகிறாரா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.