திருகோணமலை வளவில் முதல் தேனீப் பெட்டி

திருகோணமலை மாவட்டத்தில் வீட்டு வளவில் தேனீ வளர்க்க விரும்புபவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேனீயைப் பெட்டிக்குள் கொண்டுவருவது அவ்வளவு கடினமன்று; கச்சான் காற்று வீசி ஓயும்வரை அதை அங்கேயே இருக்கச் செய்வதுதான் கடினம். ஆகவே முதல் ஆண்டில் எவ்வளவு தேன் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல், கூட்டம் ஓடிப்போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையே மனத்தில் கொண்டு தொடங்குவது நல்லது. ஒரு பெட்டித் தேன் விற்றே குடும்பம் நடத்தலாம் என்று சொல்பவர்களின் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

எந்தத் தேனீ?

பெட்டியில் வளர்க்க ஏற்றது, மரப்பொந்திலும் புற்றிலும் சுவர் இடுக்கிலும் இருட்டான இடம் பார்த்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல வதைகள் (தேனடைகள்) கட்டும் இந்தியத் தேனீ மட்டுமே. உயர்ந்த மரக்கிளையிலும் தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் ஒரே பெரிய வதையாகத் தொங்கும் மலைத்தேனீயை எவராலும் பெட்டியில் அடக்க முடியாது. அதன் கூட்டுக்குக் கிட்டவும் போகாதீர்கள். இணையக் காணொளிகளில் காட்டப்படும் பெரிய பெட்டிகள் பெரும்பாலும் இத்தாலியத் தேனீக்கு உரியவை. அந்த அளவுகளைப் பார்த்துத் தச்சரிடம் பெட்டி செய்யச் சொன்னால் பணமும் பலகையும் வீண்.

பெட்டியும் அது நிற்கும் இடமும்

வதை கட்டுவதற்கான மரச் சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கிப் பார்க்கக்கூடிய பெட்டி, தேனீக்கள் வதைகளுக்கிடையே விடும் இடைவெளியை 1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் கவனித்ததிலிருந்து உருவானது. இந்தியத் தேனீக்கு ஏற்றவாறு அதைச் சிறிதாக்கியவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார். சட்டங்களுக்கிடையே இடைவெளி கூடினால் தேனீக்கள் குறுக்கே வதை கட்டிவிடும். பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கினால் இரண்டு வதைகள் கிழியும். எனவே முதல் பெட்டியை நீங்களே செய்யாமல், சரியான அளவு தெரிந்தவரிடம் வாங்குங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் சந்தித்துப் பேசுங்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்துக்கு இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. பெட்டியின் உட்புறத்துக்கு மை பூச வேண்டாம்.

காலை வெயில் வாசலில் விழுந்து, பத்து மணிக்குப் பின் மரநிழல் மூடும் இடமே பெட்டிக்கு ஏற்ற இடம். வாசலைக் கிழக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் நேரே வாசலுக்குள் அடிக்கக் கூடாது. ஆட்டுக்கொட்டில், பிள்ளைகள் விளையாடும் முற்றம், ஒற்றையடிப்பாதை ஆகியவற்றுக்கு எதிரே வாசல் இருக்கலாகாது. பெட்டியை இடுப்பளவு உயரமுள்ள தாங்கியில் ஏற்றி, அதன் நான்கு கால்களையும் தண்ணீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்பு ஏறத் தொடங்கினால் ஒரே இரவில் கூட்டம் இடம்பெயர்ந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் வற்றியிருப்பதும், பக்கத்துப் புல் வளைந்து பலகையைத் தொட்டுக்கொண்டிருப்பதும் எறும்புக்குப் பாலம் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

கூட்டத்தைக் கொண்டுவருதல்

மாரி மழை விட்டு, தை மாசியில் பூக்கள் வரத் தொடங்கும் காலமே இதற்கு உகந்தது. வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரைக்கு முன் கூட்டம் பெட்டிக்குப் பழகிவிட்டால் வைகாசிக்குப் பின் வரும் வறட்சியைத் தாங்க ஓரளவு பலம் பெற்றிருக்கும். எளிய வழி, உள்ளே தேன்மெழுகு தேய்த்த மண்முட்டியொன்றைச் சிறு துளை விட்டு மூடி, நிழலான மரக்கவட்டில் கட்டித் தொங்கவிட்டுப் பிரிந்து வரும் கூட்டத்துக்காகக் காத்திருப்பது. அது வராமலும் போகலாம். இன்னொரு வழி, வளவிலேயே பொந்திலோ பழைய சுவரிலோ இருக்கும் கூட்டைப் பெட்டிக்கு மாற்றுவது. இதை முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

மாற்றும் வேலையைப் பொழுதுபடும் நேரத்தில் தொடங்க வேண்டும். முகவலை அணிந்து, வாசனைத் தைலம் எதுவும் பூசாமல், காய்ந்த தேங்காய்த் தும்பைப் புகைப்பானில் மூட்டி, வாசலில் மெல்லப் புகை காட்டிச் சிறிது பொறுங்கள். பின்னர் வதைகளை ஒவ்வொன்றாக அடியோடு அறுத்தெடுக்க வேண்டும். முட்டையும் புழுவும் உள்ள வதைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, கூட்டில் மேலே இருந்த பக்கம் சட்டத்திலும் மேலே வருமாறு வைத்து வாழைநாரால் கட்டுங்கள். வதையைத் தலைகீழாகக் கட்டாதீர்கள். தேன் நிறைந்த வதைகளைக் கட்டக் கூடாது. அவை பாரத்தில் அறுந்து விழுவதுடன் எறும்பையும் அழைத்துவரும். ராணித் தேனீ பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை வாசலில் வயிற்றை உயர்த்திச் சிறகடித்து, எஞ்சியவற்றைத் தாமாகவே உள்ளே அழைக்கும். அந்தக் காட்சியைக் கண்டால் பாதி வேலை முடிந்தது. வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பை வாசலில் பொருத்தி, அவை காலில் மகரந்தத்துடன் ஒழுங்காக வந்துபோகத் தொடங்கியபின் எடுத்துவிடுங்கள். கட்டிய நாரை அவையே கடித்து வெளியே தள்ளும்.

பெட்டியைப் பழைய கூடு இருந்த இடத்திலேயே சில நாள் வைத்திருக்க வேண்டும். ஐம்பது அடி தள்ளி வைத்தால் வெளியே மேயப் போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து அலையும். பிறகு இடம் மாற்ற விரும்பினால் நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள்.

திறந்து பார்த்தல்

வாரத்துக்கு ஒரு தடவை, காற்றில்லாத காலை வேளையில் திறந்தால் போதும். நாள்தோறும் மூடியைத் தூக்கும் ஆர்வமே பல கூட்டங்களை விரட்டியிருக்கிறது. பெட்டிக்கு முன்னே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்குமாறு சட்டத்தைப் பிடித்து அறைகளின் அடியைப் பாருங்கள். அறைக்கு ஒன்றாக, வெள்ளை நூல் துண்டு போன்ற முட்டை நின்றால் ராணி நலம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை. ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லையென்றும், வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன என்றும் கொள்ளலாம். மூடி புடைத்து, நடுவில் ஊசித்துளை இருப்பவை ஆண் தேனீயின் அறைகள். வதையின் கீழ்விளிம்பில் நீண்டு தொங்குபவை ராணி அறைகள். அவை தோன்றினால் கூட்டம் பிரியப்போகிறது என்று அறிந்து கூட்டத்தை இரு பெட்டிகளாகப் பிரிக்கவோ இடத்தைக் கூட்டவோ ஆயத்தமாகுங்கள்.

வதையில் வெள்ளை நூலாம்படை தெரிந்தால் மெழுகுப் பூச்சி நுழைந்துவிட்டது. தேனீக்கள் மூடாத வெற்று வதைகளை அகற்றி, அடிப்பலகையில் விழுந்த தூளைக் கூட்டி எரித்துவிடுங்கள்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்தெடுங்கள். மூச்சு முட்டுதல், முகம் வீங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

கச்சானும் மாரியும்

குஞ்சுகள் இருக்கும் பகுதியைத் தேனீக்கள் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்கின்றன. வெளியே அதைவிடச் சூடு கூடும்போது தண்ணீர் சுமந்துவந்து, சிறகால் விசிறி உள்ளே குளிரூட்டுகின்றன. ஆகவே வைகாசி முதல் ஆவணிவரை தேனைவிடத் தண்ணீரே அவற்றுக்கு அவசரத் தேவை. சிரட்டைகளில் கூழாங்கல் போட்டு, கல் முழுகாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, நிழலில் வைத்து நாள்தோறும் நிரப்புங்கள். பெட்டிக்கு மேலே கிடுகு வேயுங்கள். வெறும் தகரம் சூட்டைக் கூட்டும். பூ இல்லாத நாட்களிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே பறக்க முடியாத நாட்களிலும், சம அளவு சீனியும் தண்ணீரும் கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். பாகில் குச்சிகளைப் போட்டால் தேனீக்கள் மூழ்காது. எளிதில் புளிக்கும் கருப்பட்டிப் பாகு வேண்டாம்.

தம்பலகாமம் போன்ற வயற்பக்கத்தில் இருப்பவர்கள் அயல் வயற்காரருடன் நல்லுறவு வைத்திருப்பதும் ஒரு வளர்ப்பு முறைதான். பூச்சிமருந்தைத் தேனீ கூடடைந்தபின் மாலையில் அடிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன் எடுத்தல்

பெட்டியின் கீழ் அடுக்கான குஞ்சறை நிறைந்தபின் அதற்கு மேலே வைத்த தேன் அறையில், வதையின் முக்கால் பங்கு மெழுகால் மூடப்பட்டதும் தேன் எடுக்கலாம். மூடாத தேனில் நீர் கூடுதலாக இருப்பதால் புளித்துவிடும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மூடியைச் சீவி, சுழற்றும் இயந்திரத்தில் வையுங்கள். குஞ்சறைத் தேனைத் தொடாதீர்கள்; அது அவற்றின் உணவு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்தத் தேனைத் தொட்டும் வைக்கக் கூடாது, ஏனெனில் தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் சிசுவின் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கலாம். தேன் வடித்த வதைகளை அன்று மாலையே பெட்டியில் திருப்பி வையுங்கள். புதிய மெழுகு கட்டும் வேலை அவற்றுக்கு மிச்சமாகும்.