செக் வழக்கில் வாய்தா எப்படி விழுகிறது? கோர்ட்டில் உட்கார்ந்து ஆராயக் கற்றுக்கொள்வோம்

சட்டக் கல்லூரியில் ஆய்வு என்றாலே தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டுவதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய அது போதும். அது நடைமுறையில் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் கோர்ட்டில் போய் உட்கார வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும். பண்புசார் ஆய்வு என்பது இதுதான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"நீதித்துறையில் தாமதம்" என்று ஆரம்பித்தால் ஆயுள் போதாது. செக் வழக்கை, அதாவது கொடுத்த செக் பணமாகாமல் திரும்பிவந்த வழக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143-வது பிரிவு. நிஜத்தில் வாய்தா மேல் வாய்தா. எத்தனை வாய்தா என்பது எண்ணிக்கைக் கேள்வி. ஒவ்வொன்றும் எப்படி விழுகிறது என்பதே நம் கேள்வி.

குடும்ப நீதிமன்றம் முதல் முயற்சிக்கு வேண்டாம். அங்கே பல விசாரணைகள் மூடிய அறையில் நடக்கும், வந்திருப்பவர்களும் நொந்துபோயிருப்பார்கள்.

படி 2: உட்காருங்கள், எழுதுங்கள்

முந்தின நாளே கோர்ட்டுகளின் இணையதளமான இ-கோர்ட்ஸில் வழக்குப் பட்டியலைப் பாருங்கள். காலையில் கல்லூரிக் கடிதத்தோடு பெஞ்ச் கிளார்க்கிடம் யாரென்று சொல்லிவிடுங்கள். செல்போனை அணைத்துவிட்டுப் பின் வரிசையில் உட்காருங்கள். ஒலிப்பதிவு எண்ணமே வேண்டாம், நோட்டு போதும்.

நோட்டின் இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும். இந்த மாதிரி (எதிரி என்றால் கோர்ட் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவர், இங்கே செக் கொடுத்தவர்):

"11.20. எதிரியை மூன்று முறை கூப்பிட்டார்கள், ஆளில்லை. ஜூனியர் எழுந்து, 'சீனியர் வேற கோர்ட்ல இருக்கார்' என்றார். புகார்தாரர் மஞ்சள் பையோடு எழுந்து நின்றார். 14-ம் தேதிக்கு வாய்தா. அடுத்த வழக்கைக் கூப்பிட்ட பிறகும் அவர் உட்காரவில்லை."

வலப்பக்கம் உங்கள் யோசனை: "தேதி அவர் காதில் விழுந்ததா? யார் சொல்வார்கள்?"

இரண்டையும் கலந்தீர்களானால் ஒரு மாதம் கழித்து எது பார்த்தது, எது நினைத்தது என்று உங்களுக்கே தெரியாது. அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள்.

படி 3: பேசுங்கள்

என் முதல் பேட்டியில் ஒரு குமாஸ்தாவிடம், "வழக்குகள் ஏன் தாமதமாகின்றன?" என்று கேட்டேன். "ஜட்ஜ் பத்தலை, தம்பி" என்றார். அதோடு பேட்டி முடிந்தது. தப்பு என்னுடையது, தலையங்கக் கேள்விக்குத் தலையங்க பதில்தான் வரும். அப்புறம் வழக்குக்காக வந்தவர்களிடம் கேட்பதை இப்படி மாற்றிக்கொண்டேன்: "போன வாய்தா அன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து சொல்லுங்க." பஸ், விட்டுப்போன கூலி, வக்கீலுக்காகக் காத்திருந்த டீக்கடை என்று எல்லாம் வரத் தொடங்கியது.

பேசும் முன் சம்மதம் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். எதிரியிடம் "செக் கொடுத்தீர்களா?" என்று கேட்கவே கூடாது, பதில் அவருக்கே வினையாகலாம். பெயரை மறைத்துவிட்டு வழக்கு எண்ணை எழுதிவைக்கும் அப்பாவித்தனமும் வேண்டாம். அந்த எண்ணை இ-கோர்ட்ஸில் தட்டினால் பெயர் வந்துவிடும்.

படி 4: குறியிடுங்கள்

எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்து, ஓரத்தில் சின்னச் சின்ன பெயர் வையுங்கள்: "சம்மன் சேரவில்லை", "ஜூனியர் வந்தார்", "சமரசப் பேச்சு". பிறகு யாருக்கு எது நடக்கிறது என்று சேர்த்துப் பாருங்கள். அடிக்கடி கோர்ட்டுக்கு வருபவர்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறை வருபவர்களுக்கும் ஆட்டம் ஒன்றல்ல என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974-லேயே எழுதினார். நிதி நிறுவனத்தின் புகாரையும் கைமாற்று கொடுத்த தனி ஆளின் புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எழுதும்போது "இந்தக் கோர்ட்டில்" என்று எழுதுங்கள். "இந்தியாவில்" என்று நீட்டாதீர்கள். பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டுச் சதவீதம் போடுவதும் வேண்டாம்.

முக்கியமாக, உங்கள் முடிவுக்கு ஒத்துவராத ஆளைத் தேடுங்கள். வாய்தாவைப் புகார்தாரரே விரும்பும் வழக்கும் இருக்கலாம்: வாய்தாவுக்கு வாய்தா எதிரி தவணையாகப் பணம் கொண்டுவந்து கொடுக்கிறார், புகார்தாரருக்கு வேண்டியதும் பணம்தான். அப்படி ஒன்று கிடைத்தால் வாய்தாவைத் "தாமதம்" என்று குறித்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, படி 1-க்குத் திரும்புங்கள்.