டூல் ரெஸ்ட் எப்படிப் பார்த்து எடுப்பது? பெல்ட் கிரைண்டரில் கத்தி செய்யத் தொடங்குபவர்களுக்கு

பெல்ட் கிரைண்டர் வாங்கும்போது மோட்டாரின் குதிரைசக்தி, பெல்ட் வேகம், சக்கரத்தின் அளவு எல்லாவற்றையும் அலசுவோம். டூல் ரெஸ்ட், அதாவது தேய்க்கும்போது அலகை வைத்துத் தாங்கும் சின்ன மேசை, மட்டும் கூட வருவதே போதும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூட வந்த தகடு 4 மி.மீ. கனம். அலகை வைத்து அழுத்தினால் தாழும், கையை எடுத்தால் நிமிரும். முதல் ஐந்தாறு அலகுகளின் ஓரம் சாய்ந்தே வந்தது. கை பழகவில்லை, அதனால்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படி 1: எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

தகட்டிலிருந்து அலகின் வடிவத்தை வெட்டி எடுத்த பிறகு, சுற்றோரத்தை 90 டிகிரியில் தேய்க்க வேண்டும். பிடியின் பலகைகளை ஒட்டுமுன் அவற்றின் முன்முனையைச் செங்குத்தாக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ரெஸ்ட் கட்டாயம். அலகின் சரிவை, அதாவது விளிம்பை நோக்கி மெலியும் பக்கத்தை, தேய்ப்பது வேறு கதை. பலர் அதை ரெஸ்ட்டே இல்லாமல் வெறும் கையில் செய்கிறார்கள். சிலர் அலகை ஒரு ஜிக்கில் (ஒரே கோணத்தில் பிடித்துவைக்கும் சட்டம்) பிடித்து, ஜிக்கை ரெஸ்ட் மேல் நகர்த்துகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும், முதலில் வேண்டியது சாதாரணத் தட்டையான ரெஸ்ட்தான்.

படி 2: விறைப்பைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பிளாட்டன் (பெல்ட்டுக்குப் பின்னால் நின்று தாங்கும் தட்டையான தகடு) முன்னால் பெல்ட் மேலிருந்து கீழே ஓடும். அலகையும் ரெஸ்ட் மீது அழுத்திக்கொண்டே இருக்கும். ரெஸ்ட் வளைந்தால் கோணமும் கூடவே மாறும்.

மேசைத் தகடு இரும்பென்றால் 10 மி.மீ., அலுமினியமென்றால் 12 மி.மீ. இருந்தால் நிம்மதி. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். கடினமாக்கிய அலகின் மூலை ஒருமுறை உரசினாலே தடம் பதிந்துவிடும். இரும்பு அதைத் தாங்கும். அவ்வப்போது மெழுகு தேய்த்தால் துருவும் அண்டாது, அலகும் வழுக்கிக்கொண்டு நகரும்.

தகடு கனமாக இருந்து, அதைக் கிரைண்டரோடு இணைத்துத் தாங்கும் கை (தண்டு) ஆடினால் பயனில்லை. கிரைண்டரை அணைத்து, மின்இணைப்பையும் எடுத்துவிட்டு, ரெஸ்ட்டின் முன்மூலையைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். அசைவு கண்ணுக்குத் தெரிந்தால் எங்கிருந்து வருகிறதென்று தேடுங்கள். பெரும்பாலும் சதுரக் குழாய்க்குள் அந்தத் தண்டு லூசாக இருக்கும், அல்லது ஒரே போல்ட் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும்.

படி 3: அளவும் வடிவமும்

பெல்ட்டின் அகலம் 2 அங்குலம், அதாவது சுமார் 50 மி.மீ. என்றால், மேசை அதைவிட இருபுறமும் நன்றாக நீண்டிருக்க வேண்டும். 150 மி.மீ. அகலம் வசதி. பெல்ட்டைச் சுற்றி இருபுறமும் வரும்படி பள்ளம் வெட்டிய மேசைகளும் உண்டு. நீளமான அலகுக்கு அவை நல்ல தாங்கல் தரும்; ஆனால் பெல்ட் மாற்றும்போது இடிக்கும். சின்னச் சக்கரத்தில் விரல்பள்ளம் தேய்ப்பதற்கு மட்டும் குறுகலான ரெஸ்ட் தேவைப்படும். அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: சாயும் ரெஸ்ட் வேண்டுமா?

புதியவர்கள் கண் முதலில் இதன்மேல்தான் விழும். வாங்கலாம், ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அலகு 3 மி.மீ. கனம், சரிவின் உயரம் 30 மி.மீ., விளிம்பில் 0.5 மி.மீ. விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் 1.25 மி.மீ. போக வேண்டும், கோணம் சுமார் 2.4 டிகிரி. இதில் ஒரு டிகிரி கூடிப்போனால் பக்கத்துக்கு இன்னும் அரை மி.மீ. போய்விடும். விளிம்பே மிஞ்சாது.

அதனால் ரெஸ்ட்டில் பொறித்திருக்கும் டிகிரிக் கோடுகளை நம்ப வேண்டாம். காந்த அடி உள்ள டிஜிட்டல் கோணமானியை முதலில் பிளாட்டனில் வைத்து, பிறகு மேசையில் வைத்து வித்தியாசத்தைப் பாருங்கள். அலுமினிய மேசையில் காந்தம் ஒட்டாது. கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, சாயும் கீல் மேசையின் பெல்ட் பக்க ஓரத்துக்கு அருகில் இருக்கிறதா என்று கவனியுங்கள். தள்ளி இருந்தால் சாய்க்கும்போதெல்லாம் மேசை பெல்ட்டை விட்டு விலகும், இல்லையென்றால் பெல்ட்டில் மோதும்.

படி 5: பொருத்தி, இடைவெளி வையுங்கள்

மூலைமட்டத்தை மேசைக்கும் பிளாட்டனுக்கும் இடையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி சரிசெய்யுங்கள். பிறகு மேசைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே 1.5 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு முறுக்குங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் அலகின் மெல்லிய முனையைப் பெல்ட் உள்ளே இழுத்துக்கொள்ளும். விரலும் கூடவே போகலாம். கையுறை மாட்டிக்கொண்டால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

பெல்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பெல்ட்டின் ஒட்டு கனமாக இருக்கும்; அந்த இடம் மேசையில் உரசக் கூடாது. தேய்ந்த பெல்ட்டை எடுத்துப் புதிய முரட்டு பெல்ட் போடும்போதும் கனம் மாறும், அப்போதும் இடைவெளியைப் பாருங்கள். பிறகு ஒரு வீண் தகட்டின் ஓரத்தைத் தேய்த்து, மூலைமட்டத்தில் பிடித்துப் பாருங்கள். அது 90 டிகிரி காட்டும்வரை நல்ல அலகை மேசைமேல் வைக்காதீர்கள்.