ஆறு நிமிட நடைச் சோதனை: அளப்பது இதயத்தையா, முழங்காலையா?

எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தம் 30 சதவீதம் என்று காட்டுபவர் சந்தைக்கு நடந்தே போய்வருவதுண்டு. 55 காட்டுபவருக்கு வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதனால்தான் இதயச் செயலிழப்பு ஆய்வுகளில் எக்கோவோடு, ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையும் அளக்கிறார்கள்.

தட்டையான கெட்டித் தரை, 30 மீட்டர். டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், காலடி எண்ணிக்கை வேண்டாம். 3 மீட்டருக்கு ஒரு குறி, இரு முனையிலும் ஒரு கூம்பு. இடமில்லை என்று 15 மீட்டர் வராந்தாவில் நடத்தினால் திரும்புவது இரட்டிப்பாகும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் தடைபட்டுத் தூரம் குறையும்.

கடந்த ஒரு மாதத்தில் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்தவரை நடக்க வைக்காதீர்கள். ஓய்வில் நாடி 120-க்கு மேல், ரத்த அழுத்தம் 180/100-க்கு மேல் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

அஞ்செட்டியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருபவரை 10 நிமிடமாவது நாற்காலியில் உட்கார வையுங்கள். ரத்தம் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு, காலை மாத்திரையும் போடாமல் வந்திருப்பார், கேட்டுவிடுங்கள். லேசான சாப்பாடு, வழக்கமான மாத்திரை இரண்டும் வேண்டும். எந்தச் செருப்பு என்றும் எழுதுங்கள். வார் தளர்ந்த ரப்பர் செருப்பில் ஒருமுறை, ஷூவில் ஒருமுறை நடந்தால் ஒப்பிட முடியாது.

கூடவே நடக்காதீர்கள், உங்கள் வேகம் அவருக்கு ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே குரலில்: "நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." "வேகமா, வேகமா" என்று விரட்டினால் சோதனை கெட்டது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுபவருக்கு அதே வாக்கியத்தை முன்பே எழுதிவையுங்கள். இளைப்பு வந்தால் சுவரில் சாய்ந்து நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நெஞ்சுவலி, தள்ளாட்டம், குப்பென்ற வியர்வை, ரத்த ஆக்சிஜன் 80 சதவீதத்துக்குக் கீழ்: இதில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

போய்த் திரும்பினால் 60 மீட்டர். ஐந்து சுற்று, அதற்கு மேல் 17 மீட்டர் என்றால் 317. முதல் நாளே அரைமணி ஓய்வுவிட்டு இரண்டாம் முறை நடக்க வைத்து, அதிகமான தூரத்தைக் குறியுங்கள். பழக்கத்தாலேயே தூரம் கூடும், அது தேறியதன் அடையாளமல்ல. பிறகு வரும்போது ஏறக்குறைய 30 மீட்டர் கூடினால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரு மாவட்டங்களிலும் ஃப்ளோரைடு தண்ணீரால் முதுகும் முழங்காலும் இறுகியவர்கள் நிறைய. முடிந்ததும் "எதனால நின்னீங்க, மூச்சா, காலா?" என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையையே படிவத்தில் எழுதுங்கள். கால் என்றால் அந்த மீட்டர் கணக்கை இதயத்தின் பேரில் ஏற்றாதீர்கள்.