அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வருமா?

"அரிசி தின்னாதடி, கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்." டெல்டாவில் இந்தக் கேலியைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் குறைவு. எந்நேரமும் பச்சரிசியை மெல்வதும், பலப்பம், திருநீறு, சுவர்மண் என்று வாய் தேடுவதும் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

பக்கத்து வீட்டைப் பார்த்து நம் உடம்பை அளக்கும் பழக்கம்தான் இதற்கெல்லாம் வேர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நடவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கினால், மூச்சு வாங்குவதே வழக்கம் என்று தோன்றிவிடும். பயிர் விஷயத்தில் நாம் இப்படி இல்லை. துத்தநாகம் குறைந்து நட்ட பயிர் வெளுத்தால் "எல்லார் வயலும் அப்படித்தான்" என்று யாரும் விடுவதில்லை. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் தேடிக் கிளம்பிவிடுகிறோம்.

"கொஞ்சம் ரத்தம் கம்மி, அவ்வளவுதான்"

கண்ணிமையை இழுத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது பரிசோதனை ஆகாது. ஹீமோகுளோபின் எண் வேண்டும். டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் பெண்ணுக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11, ஆணுக்கு 13. "ஒன்பதரை இருக்கு, நம்ம பக்கத்துக்கு இது போதும்" என்று ஊருக்கு ஊர் தனி அளவு கிடையாது.

அடுத்த தவறு டானிக். 200 மில்லி பாட்டிலில் வேளைக்கு 10 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை குடித்தால் பத்தே நாளில் காலி. பாட்டில் தீர்ந்ததும் சிகிச்சையும் தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும், உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் மாத்திரை தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுத்த சம்பாவுக்குள் பழைய அசதி திரும்பிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் டானிக்கை விட அது மட்டம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

மாத்திரையும் ஒழுங்காகப் போட்டு எண் ஏறவில்லை என்றால் காபியைச் சந்தேகப்படுங்கள். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டிகிரி காபி குடிப்பது நம் பக்கத்து மரபு. காபியும் டீயும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு, அல்லது ஒரு நெல்லிக்காயோடு போடுங்கள். அந்த வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும். கர்ப்பிணிகள் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துவிடுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். அது குடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். டாக்டர் சொன்னால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை. கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தில் மட்டும் கூடாது.

ஆணுக்கோ, தீட்டு நின்ற பெண்ணுக்கோ ரத்தம் குறைந்தால் இரும்பு கொடுப்பதோடு நிற்கக் கூடாது. மூலமா, குடல்புண்ணா, வேறு ஏதாவதா என்று எங்கே கசிகிறது எனத் தேட வேண்டும்.

தீட்டு 7 நாளைத் தாண்டுவது, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது, இவற்றை "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று தள்ளாதீர்கள். அம்மாவுக்கும் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தீட்டு முழுதாக ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காத்திருக்காமல் பரிசோதித்துவிட வேண்டும், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய.

"நட்ட உடம்பு வலிக்கத்தானே செய்யும்"

வலிக்கும், உண்மைதான். குனிந்தே நின்ற இடுப்பு இரண்டு நாள் ஓய்வில் சரியாகிவிட்டால் அது உழைப்பு வலி. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், காலுக்குள் மின்சாரம் பாய்வது போல இறங்கினால், கால் மரத்தால் அப்படி விடக் கூடாது. வலியை விட அதற்குப் போடும் மாத்திரைதான் பெரிய சிக்கல். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் "வலிக்கு ஒண்ணு" என்று வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை நடவு முடியும் வரை தினமும், அதுவும் வெறும் வயிற்றில் போடுகிறார்கள். இரைப்பையில் புண்ணாகிறது, பிபி ஏறுகிறது, சிறுநீரகம் அடிபடுகிறது. அந்தப் புண்ணில் கசியும் ரத்தம் சோகையை இன்னும் கூட்டுகிறது.

இருமினால், குடம் தூக்கினால் சிறுநீர் சொட்டுவதைப் பிள்ளை பெற்றவளுக்கு எழுதிவைத்தது என்று பலர் வெளியே சொல்வதே இல்லை. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை 5 முதல் 10 விநாடி இறுக்கி, பிறகு அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு 3 தடவை, விடாமல் 3 மாதம். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை எக்கக் கூடாது. கீழே ஏதோ இறங்குவது போல இருந்தால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன்தான் வழி என்றில்லை, உள்ளே வைக்கும் வளையமும் உண்டு.

சேற்றில் நிற்கும் கால்

சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடாமல் சீசன் முடியட்டும் என்று விடுவது தவறு. விரலிடுக்கு வெடிப்பு கிருமிக்குத் திறந்த கதவு. வயலிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, குளோட்ரிமசோல் களிம்பு தடவுங்கள். தோல் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் மறுபடி வருகிறது.

கும்பகோணம் பக்கம் யானைக்கால் நோய் நெடுநாள் பழக்கப்பட்ட ஒன்று என்பதால், கால் வீக்கத்தை விதி என்று ஏற்றவர்கள் இன்றும் உண்டு. காய்ச்சல் வந்து, நெறி கட்டி, கால் சிவந்து எரியும் ஒவ்வொரு தடவையும் வீக்கம் நிரந்தரமாகக் கொஞ்சம் கூடும். அந்தத் தாக்குதலை வரவழைப்பதும் பெரும்பாலும் இந்த விரலிடுக்குப் புண்தான். வீங்கிய காலைத் தினமும் கழுவித் துடைப்பதும், உட்காரும்போது உயர்த்தி வைப்பதும் அதைக் குறைக்கும்.

சர்க்கரை இருப்பவர் கால் மதமதப்பை "குளிர்ல நின்னது" என்று நினைத்து வெந்நீரில் முக்கக் கூடாது. உணர்ச்சி இல்லாத கால் வெந்தாலும் தெரியாது. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதே நல்லது.

"பார்டர்லதான் இருக்கு"

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் பார்டர். 126-ஐத் தொட்டால் பார்டர் தாண்டிவிட்டது, மறுநாள் ஒருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் பார்ப்பவர்கள் முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கணக்கிடுங்கள், கை கழுவியதிலிருந்து அல்ல. பிபி பார்க்குமுன் 5 நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதித்து, பேசாமல் உட்காருங்கள். அதற்கு அரைமணி முன்பு வரை காபி, புகையிலை வேண்டாம். 140-க்கு 90 என்பது வயதானவருக்கும் அதிகம்தான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அளவு பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் பாதிப் பயன்தான். "நார்மலாயிடுச்சு" என்று நிறுத்துவது இன்னும் மோசம். அது நார்மலானதே மாத்திரையால்.

நெஞ்சு அடைத்து வியர்த்தால் சோடா வாங்கிக் குடித்து ஏப்பத்துக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம்.

தலைகீழ்த் தவறும் உண்டு. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது என்று பயந்து பணத்தைக் கரைப்பவர்கள் ஏராளம். எலும்பு உருகுவதில்லை. நாற்றமும் அரிப்பும் இல்லாத தெளிந்த கசிவு இயல்பானது. தயிர்த் திரளை போல அரிப்போடு வந்தாலோ, மஞ்சள், பச்சை நிறத்தில் நாறினாலோ மட்டும் வைத்தியம் வேண்டும்.

டாக்டரிடம் "உடம்பு முடியல" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். போன குறுவையில் உங்களால் எவ்வளவு முடிந்தது, இந்தக் குறுவையில் எவ்வளவு முடிகிறது என்று சொல்லுங்கள்: "அப்ப அரை ஏக்கர் களை எடுத்தும் நின்னேன், இப்ப வாய்க்கால் கரை ஏறவே மூச்சு வாங்குது." எத்தனை வாரமாக என்பதையும் சொல்லுங்கள். மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைகளின் அட்டை, காலி அட்டையானாலும், கையில் இருக்கட்டும்.