வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு கைமாறும்போது எழும் சச்சரவுகள் எல்லாவற்றுக்கும் ஏமாற்றும் எண்ணம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நல்லெண்ணத்தோடு விலை பேசி முன்பணம் கொடுத்து வாங்கிய இரு குடும்பங்கள், பத்திரப்பதிவு நாள் நெருங்கும்போது வழக்கறிஞர் வழியாக மட்டுமே பேசிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவது உண்டு. விலை படிந்ததும் எல்லாமே பேசி முடிந்துவிட்டதாக இரு தரப்பும் எண்ணிக்கொள்வதும், அன்று முதல் சாவி கைமாறும் நாள்வரை யாருக்கு எது பொறுப்பு என்பதை எழுதாமல் விடுவதுமே இதற்கு முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

இந்த இடைக்காலத்தில் இரு தரப்பும் சுமக்கும் மனச்சுமையையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் 1967-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று, வாழ்வில் நேரும் 43 மாற்றங்களை அவை தரும் அழுத்தத்தைக் கொண்டு மதிப்பிட்டது. அதில் வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100 புள்ளிகளும், பெரிய அடமானக் கடனுக்கு 31 புள்ளிகளும், குடியிருப்பு மாறுவதற்கு 20 புள்ளிகளும் தரப்பட்டன. கடன் பெற்று வீடு வாங்குகிறவர் பின்னிரண்டையும் ஒரே சமயத்தில் சுமக்கிறார்; விற்கிறவரோ மணமுறிவு, பெற்றோரின் மறைவு, வேலையிழப்பு போன்ற ஏதோவொரு நெருக்கடியின் நடுவே விற்பவராக இருக்கலாம். ஆகவே மறுமொழி வர இரண்டு நாள் தாமதமானால் அதைச் சூழ்ச்சி என்று முடிவுகட்டி, உடனே கடுமையான செய்தி அனுப்புவது முதலில் தவிர்க்க வேண்டிய தவறு.

விற்பவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் விலையில் தொடங்குகிறது. தன்னிடம் இருக்கும் பொருளுக்கு, அதை வாங்க வருபவர் தரத் தயாராக இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலையை மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் சாதாரணக் காப்பிக் குவளைகளை வைத்து நடத்திய சோதனைகளின் முடிவாக 1990-இல் எழுதினார்கள். குவளைக்கே இப்படியென்றால் பிள்ளைகள் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாஸ்டன் நகரின் அடுக்ககக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க நேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட உயர்ந்த விலை கேட்டதையும், அவர்களது வீடுகள் விற்க அதிக காலம் ஆனதையும் காட்டியது. நீங்கள் கொடுத்த விலையும் செலவழித்த பணமும் வாங்குபவரின் கணக்கில் வருவதில்லை. அருகில் அண்மையில் பதிவான விற்பனைகளே வரும்.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது முன்பணம். உறவினர், நண்பர், நெடுநாள் பழகியவர் என்ற கூச்சத்தால் ரசீதுகூட வாங்காமல் பெருந்தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். நிலம், வீடு தொடர்பான உடன்பாடு எழுத்தில் இருந்து கையொப்பமும் பெற்றிருந்தால்தான் அதை வைத்து வழக்காட முடியும் என்று இங்கிலாந்து 1677-லேயே சட்டம் இயற்றியது. வாய்ப்பேச்சை நம்பி எழுந்த பொய்ச் சாட்சி வழக்குகள்தான் அதற்குக் காரணம். எழுதினாலும் தொகையையும் தேதியையும் மட்டும் எழுதுவது போதாது. வங்கி கடன் தர மறுத்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வருமா, விற்பவர் மனம் மாறினால் என்ன இழப்பீடு தருவார், வாங்குபவர் பின்வாங்கினால் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம், மூலப்பத்திரத்தில் குறை தென்பட்டால் அதைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் தெளிவான விடை இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பது மறுதரப்பை அவமதிப்பதாகாது. கேட்கத் தயங்கியவர்கள்தான் பிறகு உறவையும் பணத்தையும் சேர்த்து இழக்கிறார்கள்.

பத்திரத்தில் ஒரு பெயர் இருப்பதாலேயே அவர் ஒருவர் மட்டுமே விற்கலாம் என்று கருதிவிடக் கூடாது. இறந்தவரின் பெயரிலிருந்து வந்த சொத்தென்றால் வாரிசுகள் அனைவரும், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட, சம்மதித்துக் கையொப்பமிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அசல் ஆவணங்கள் எங்கே என்று கேட்டால் "வங்கியில் இருக்கிறது" என்று பதில் வந்தால், அடமானம் எந்த நாளில், யார் பணத்தில் தீர்க்கப்படும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே முழுத் தொகையையும் கொடுத்துவிடுவது, கேட்டு வாங்கிய தொல்லை.

வீட்டின் குறைகளை விற்பவர் மறைப்பதும், வாங்குபவர் தேடாமல் விடுவதும் சேர்ந்தே வழக்காகின்றன. கண்ணுக்குத் தெரியும் குறையைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு என்றும், தெரிந்தே மறைக்கப்பட்ட குறைக்கு விற்பவர் பொறுப்பு என்றும் பல நாட்டுச் சட்டங்கள் பிரித்துப் பார்க்கின்றன. விற்கும் முன் ஈரம் கசியும் சுவருக்கு அவசரமாகப் புதுச் சாயம் பூசுவதைவிட, கசிவு இருப்பதைச் சொல்லி விலையில் சரிக்கட்டுவது விற்பவருக்கே பாதுகாப்பு. வாங்குபவர் மழை பெய்த மறுநாள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். எல்லையைப் பத்திரத்தின் அளவோடு ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டும். கட்டுமானம் அறிந்த ஒருவரைத் தன் செலவில் அழைத்துச் செல்ல வேண்டும். தரகர் அனுப்பும் ஆளை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் விற்பனை நடந்தால்தான் தரகருக்குக் கூலி.

மின்விசிறி, குளிரூட்டி, தண்ணீர்த் தொட்டி, சமையலறை அலமாரி ஆகியவை வீட்டோடு சேர்ந்தவையா என்ற சிறு விஷயத்தில்கூட மனக்கசப்பு பெரிதாக வளரும். ஒரு பக்கத்தில் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட்டால் போதும்.

ஒரு வீட்டை விற்ற பணத்தில் இன்னொன்றை வாங்குபவர்கள், இரண்டு பதிவையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது ஆபத்தானது. முதலாவது தடைப்பட்டால் இரண்டாவதும் நின்றுபோய், எந்தத் தவறும் செய்யாமலேயே ஒப்பந்தத்தை மீறியவராக நேரிடும். அதேபோல, பணம் செலுத்தும் நேரத்தில் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் பேசிக் குரல் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு காசும் அனுப்பக் கூடாது. வழக்கறிஞரின் பெயரில் வரும் போலி மடல்களால் வீட்டுப் பணம் முழுவதையும் இழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

சச்சரவு எழுந்தேவிட்டால், நேரில் பேசியதையெல்லாம் அன்றே தேதியோடு எழுத்தில் அனுப்பி உறுதிப்படுத்துங்கள். செலவு மிச்சமாகும் என்று இரு தரப்புக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட வழக்கறிஞர் இப்போது இருவரில் எவருக்காகவும் முழுமனதோடு பேச முடியாது. உங்களுக்கென ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். வழக்குத் தொடுக்கச் சட்டம் வகுத்த கால வரம்பு உண்டு என்பதால், "பார்க்கலாம்" என்ற பதிலை நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலும் அந்தக் கால வரம்பு தானாக நின்றுவிடுவதில்லை. ஆகவே கடைசி நாள் எது என்பதை முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சமரசம் பேச உட்காருங்கள்.