அடுக்ககப் பொது இடப் பராமரிப்பு: உரிமையாளர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அழகாபுரத்தை அடுத்த எங்கள் அடுக்ககத்தில் 36 வீடுகள் இருக்கின்றன. உரிமையாளர் சங்கத்தின் பொருளாளராக நான் கையெழுத்திட்ட முதல் பெரிய காசோலை, நுழைவாயில் வளைவுக்கும் அதன் பக்கத்தில் போட்ட கொரியன் புல்தரைக்கும் போனது. அந்த ஐப்பசி மழையிலேயே மேல்மாடி வீடு ஒன்றின் படுக்கையறை சீலிங்கில் ஈரம் பூத்து, நான்காம் நாள் பூச்சு உரிந்து கட்டிலின்மேல் விழுந்தது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் ஒரு காகிதத் தேநீர்க் கோப்பையும் பூந்தொட்டியின் உடைந்த துண்டும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. கணுக்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாட்களாக அப்படியே நின்றிருந்தது. "மூணு ஓட்டையில ரெண்டு அடைச்சுத்தான் கெடக்குதுங்க சார், போன வருசமே சொன்னேனுங்களே," என்றார் வாட்ச்மேன். சொல்லியிருந்தார். அதைக் குறித்து வைக்க எங்களிடம் ஒரு நோட்டு இல்லை.

சங்கங்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகளே என்பது என் கருத்து. வாசலில் தெரிவதற்குப் பணம் எளிதாக ஒதுக்கப்படுகிறது. மாடியிலும் மண்ணுக்கடியிலும் குழாய்க்குள்ளும் நடப்பதற்கு, அது வீட்டுக்குள் வந்து விழும்வரை யாரும் கை தூக்குவதில்லை.

மொட்டை மாடியும் வெள்ளைப் பூச்சும்

கசிவு தெரிந்தவுடன் கடையில் வாளி வாளியாக வெள்ளைப் பூச்சு வாங்கி அடிப்பதுதான் சேலத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு. வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு வேறு, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு வேறு. முன்னதை வாங்கிப் பின்னதன் வேலையை எதிர்பார்ப்பது வீண். சித்திரையில் வெயில் 40 டிகிரியை எட்டும் ஊரில், தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால் வெடிப்பு ஒவ்வொரு நாளும் சற்றே திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதன்மேல் வெறும் சிமென்ட் பாலையோ பெயின்ட்டையோ பூசினால் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. வெடிப்பை வெட்டித் திறந்து, தூசி போகச் சுத்தம் செய்து, நெகிழும் தன்மையுள்ள கலவையை நிரப்பிய பிறகே பூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது வாட்டம். தண்ணீர் குழாய் வாயை நோக்கி ஓடாத தளத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. வேலை முடிந்ததும் குழாய் வாய்களை அடைத்து, ஓரிரண்டு அங்குலத் தண்ணீரைக் கட்டி, 48 மணி நேரம் கழித்துக் கீழ் வீட்டு சீலிங்கைப் பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும் என்பதை நாங்கள் இரண்டாவது முறை செலவு செய்த பிறகு கற்றுக்கொண்டோம். டிஷ் ஆன்டெனாவுக்கும் ஏசியின் வெளி யூனிட்டுக்கும் தளத்தையே துளையிட்டு போல்ட் இறக்குவதை அனுமதிப்பது இதோடு சேர்ந்த இன்னொரு தவறாகும். பூசிய பூச்சில் போட்ட துளை அது. கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் பிடித்தாலே போதும்.

தண்ணீர்

புல்தரைக்கு மறுபடியும் வருகிறேன், ஏனெனில் அதன் முழுக் கணக்கு மாசி மாதத்தில்தான் தெரிந்தது. ஆழ்துளைக் கிணறு இறங்கிவிட, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி, அதில் ஒரு பங்கைப் புல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆனால் எங்கள் மாடியின் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர அடி. அதன்மீது 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 23,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது, அதாவது 12,000 லிட்டர் லாரிகள் இரண்டுக்குச் சற்றே குறைவு. அதையெல்லாம் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு லாரிக்குப் போன் செய்துகொண்டிருந்தோம் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுவிட்டதால், எந்த அடுக்ககத்திலும் அதற்கான குழி இருக்கத்தான் செய்யும். ஆனால் கட்டியபோது போட்ட ஜல்லியும் மணலும் அதன்பின் ஒருமுறைகூட வெளியே எடுத்துக் கழுவப்படாமல் சேறு படிந்து, தண்ணீர் இறங்காத தொட்டியாக மாறியிருக்கும். ஆடி முடிவதற்குள் அவற்றை வாரிக் கழுவிப் போடுவது இரண்டு ஆள் ஒரு நாள் செய்யும் வேலை. முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு இல்லையென்றால் மாடித் தூசியும் காக்கை எச்சமும் நேராகக் குழிக்குள் போகும். கன்னங்குறிச்சியில் மூக்கனேரி நிறைந்திருக்கும் ஆண்டுகளில் அக்கம்பக்கத்துக் கிணறுகள் எப்படி ஊறுகின்றன என்பதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, நிலத்துக்குள் போகும் தண்ணீர் வீணாவதில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரையும் ஆழ்துளைத் தண்ணீரையும் ஒரே சம்பில் கலப்பது அடுத்த தவறு. மேக்னசைட் வெட்டி எடுக்கும் மண் இது. பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினமானது, கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இரண்டையும் கலந்தால் குடிக்கத் தகுந்த தண்ணீரும் கெட்டு, வீட்டுக்கு வீடு வடிகட்டி இயந்திரத்துக்குச் செலவு ஏறுகிறது. அந்தப் படிவு மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வையும் விட்டுவைப்பதில்லை. வால்வு இறுகி மூட மறுக்க, இரவெல்லாம் தண்ணீர் வழிந்து சுவரில் பாசிக் கோடு இழுத்திருப்பதைப் பல கட்டடங்களில் தெருவிலிருந்தே காணலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துலக்கினால் தீரும் காரியம் அது.

கழிவுநீர்த் தொட்டியில் விலைபேசக் கூடாது

பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத அடுக்ககங்களில் செப்டிக் டேங்க் நிரம்பி வழியும்போதுதான் சங்கத்துக்கு அது நினைவுக்கு வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுக்க நாள் குறித்து வைப்பது எளிது. ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், லாரிக்குக் கேட்கும் தொகை அதிகம் என்று சொல்லி யாராவது ஓர் ஆளை உள்ளே இறக்கச் சம்மதிப்பதில் இருக்கிறது. பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலையை ஒப்படைத்தவரும் பொறுப்பாளி ஆவார். தொட்டிக்குள் இருக்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது, எச்சரிக்கையும் தராது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் சேர்ந்தே விழுகிறார். நீண்ட நாள் மூடிக் கிடந்த சம்பும் இதே வகைதான். 14420 என்ற எண்ணில் உரிமம் பெற்ற லாரியைக் கேட்டுப் பெறலாம். இந்த ஒரு தலைப்பில் சிக்கனம் பேசும் உறுப்பினருக்குப் பொதுக்குழுவில் நான் பதில் சொல்வதில்லை, தீர்மானத்தை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

பணத்தை மாதக் கணக்காக மட்டும் பார்ப்பது

வாட்ச்மேன் சம்பளம், துப்புரவு, மின்கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி 36ஆல் வகுத்து மாதச் சந்தாவை முடிவு செய்வது வழக்கம். அந்தத் தொகையில் மாதம் ஓடும், ஆனால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெளிப்புறப் பெயின்ட் வேலை ஓடாது. ஒரு பேச்சுக்கு அந்த வேலை 9 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 72 மாதங்களில் வீட்டுக்கு மாதம் சுமார் 347 ரூபாய் ஒதுக்கினால் போதும். ஒதுக்காவிட்டால் ஒரே நாளில் வீட்டுக்கு 25,000 ரூபாய் கேட்க வேண்டியிருக்கும், அப்போது பாதிப் பேர் வாடகைக்கு விட்டு வெளியூரில் இருப்பார்கள். மோட்டார், லிஃப்ட்டின் கம்பிவடம், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இந்த ஒதுக்கீட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்காமல் நடப்புக் கணக்கிலேயே விட்டால், பொங்கல் விழாவும் புது சிசிடிவியும் அதைத் தின்றுவிடும்.

சந்தா சதுர அடிக் கணக்கா, வீட்டுக்குச் சமமா என்ற சண்டை எல்லாச் சங்கத்திலும் உண்டு. எது சரி என்பதைவிட, துணைவிதியில் எழுதி வைக்காமல் ஆண்டுதோறும் கைதூக்கி மாற்றுவதே பெரிய பிழை என்பேன்.

புதிய கட்டடமாக இருந்தால் இன்னொன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ தெரியவரும் குறைகளை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டினால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர்மீது வைத்திருக்கிறது. எங்கள் சங்கம் அந்த ஐந்து ஆண்டுகளையும் தொலைபேசியிலேயே பேசிக் கழித்தது. எழுத்தில் ஒரு கடிதம், தேதியிட்ட நிழற்படம், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் எதுவுமே இல்லை; ஆறாம் ஆண்டு பைப் சந்தில் கசிவு வந்தபோது செலவு எங்கள் தலையில் விழுந்தது. பொது இடங்களை ஏற்கும் நாளிலேயே குழாய், மின்கம்பி வரைபடங்களையும் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் சுவருக்குள் எது எங்கே ஓடுகிறது என்பதை டிரில்லிங் மிஷின்தான் சொல்லும்.

லிஃப்ட்டைப் பற்றி இரண்டு வரி போதும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரிபாகம் அடங்குமா அடங்காதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். மழைக்காலத்தில் லிஃப்ட் குழியில் தண்ணீர் ஊறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். நடைபாதையில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் முளைப்பதை முதல் வாரத்திலேயே தடுக்காமல் விட்டால், பிறகு அங்கே கம்பிக் கதவு முளைக்கும். பொது இடத்தில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் இருப்பது பிரிக்க முடியாத பங்கு, ஆகவே மேல்மாடிக்காரருக்கு மொட்டை மாடி சொந்தமும் இல்லை.

மலையில் இதே தவறு வேறு உருவில்

ஏற்காட்டில் சரிவை வெட்டிச் சமன்செய்து போட்ட ஒரு வில்லாக் குடியிருப்பின் சங்கத்தார், கணக்கு வழக்கைப் பார்த்துத் தரும்படி ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். உரிமையாளர்களில் பெரும்பாலோர் வெளியூர். மே மாதக் கோடை விழாவை ஒட்டி வருவார்கள் என்பதால், எல்லாப் பராமரிப்பும் சித்திரைக்குள் முடிந்து, மழை பிடிக்கும்போது அங்கே பார்க்க ஆளில்லாமல் போகிறது. அந்த ஆண்டு மண்தாங்கு சுவரில் வரிசையாக இருந்த குழாய்த் துளைகள் பாசி வடிந்து அசிங்கமாகத் தெரிகின்றன என்று, சுவர் முழுவதும் சிமென்ட் பூசி இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தத் துளைகள் சுவருக்குப் பின்னால் மண்ணில் தேங்கும் நீரை வடிக்க வைக்கப்பட்டவை. நான் போனபோது கார்த்திகை. சில்வர் ஓக் சருகு மூடிய மேல் வடிகாலிலிருந்து தண்ணீர் சுவருக்குப் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது, சுவரின் நடுப்பகுதி ஒரு சாண் அளவு முன்னால் தள்ளி நின்றது. அன்று மாலையே தோட்டக்காரரை அழைத்து, கம்பியும் சுத்தியலும் கொடுத்து, பூச்சின்மேல் தட்டித் தட்டித் துளைகளைத் தேடவைத்தோம். முதல் துளை திறந்ததும் செம்மண் கரைந்த தண்ணீர் கை மொத்தத்துக்குப் பீய்ச்சியது, இருட்டும்வரை நிற்கவில்லை.

கீழே இறங்கிய வாரம் எங்கள் சங்கத்தில் வாங்கியது 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. மோட்டார் எண்ணும் சம்ப் சுத்தம் செய்த தேதியும் பிளம்பரின் தொலைபேசி எண்ணும் அதுவரை செயலாளரின் கைபேசியில் மட்டுமே இருந்தன. அவர் பெங்களூருவில் மகன் வீட்டுக்குப் போனால் அவையும் கூடவே போயின. இப்போது நோட்டு வாட்ச்மேன் மேசையில் நூலில் கட்டித் தொங்குகிறது. அதன் முதல் பக்கத்தின் முதல் வரியாக, மாடியில் மூன்று குழாய் வாய்கள், சனிக்கிழமைதோறும் பார்க்க வேண்டியது என்று எழுதி, பக்கத்தில் வாட்ச்மேனே கையெழுத்திட இடம் விட்டிருக்கிறோம்.